ஊதுற ரூம்

கதவில் ‘நுரையீரல் செயல்திறன் ஆய்வகம்’ என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்டதில்லை. எக்ஸ்ரே வரிசையில் நிற்பவர்களிடம் “ஊதுற ரூம் எங்க இருக்கு?” என்று விசாரித்துக்கொண்டே வருவார்கள். தென்கோடி மாவட்டம் ஒன்றில், அரசு ஆஸ்பத்திரியின் நெஞ்சக நோய்ப் பிரிவில், ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலை அதுதான். வருகிறவர்களை ஊதவைப்பது, ஊதியதை அளப்பது.

ஸ்பைரோமீட்டர் பார்வைக்குச் சின்னக் கருவி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். மூக்குக்கு ஒரு கிளிப். வாயில் அட்டைக் குழாய். உதட்டோரம் காற்று கசியக்கூடாது. முடிந்தமட்டும் மூச்சை உள்ளே இழுத்து, ஒரே வேகத்தில் வெளியே தள்ளி, ஆறு நொடியாவது நிறுத்தாமல் ஊத வேண்டும். இதை நோயாளி தானாகச் செய்யமாட்டார். நாம்தான் செய்யவைக்க வேண்டும். “இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க... ஊதுங்க! ஊது ஊது ஊது! விடாத! இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு!” வெளியே காத்திருப்பவர்கள் உள்ளே ஏதோ சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள். மரியாதை எல்லாம் முதல் நொடியோடு போய்விடும். ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவரையும் அப்படித்தான் அதட்டினேன். பாவம், மறுபேச்சில்லாமல் ஊதினார். ஒருமுறை ஊதினால் போதாது. மூன்று நல்ல ஊதல் வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டும் 150 மில்லிலிட்டர் வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த அளவை நம்பலாம்.

முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பதுதான் நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது. டாக்டர்கள் எஃப்.இ.வி.1 என்பார்கள். நுரையீரல் நன்றாக இருப்பவருக்கு உள்ளே இழுத்ததில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ அந்த முதல் நொடியிலேயே வந்துவிடும். மூச்சுக்குழல் சுருங்கிப்போனவருக்குப் பாதிகூட வராது. மிச்சம் மெதுவாக, விசிலடித்துக்கொண்டு வரும்.

உயரம், வயது எழுதியதும் அடுத்த கேள்வி, “பீடி, சிகரெட் உண்டா?” இதற்கு நேராக ‘ஆமா’ என்றவர்கள் குறைவு. “எப்பவாச்சும்.” “முன்ன மாதிரி இல்ல.” “விட்டாச்சு.” எப்ப விட்டீங்க? “இன்னைக்குக் காலைலதான்.” பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பாவது பிடிக்கக்கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருப்போம், அதைத்தான் விட்டது என்று சொல்கிறார். கேட்பது ஒரு பொம்பளை என்பதால் கூச்சம் வேறு. சட்டைப் பையைக் கையால் மூடிக்கொள்வார்கள், உள்ளே தீப்பெட்டி குலுங்கும். கூட வந்த மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் விவாதம் செய்வதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருஷமாக என்று கேட்டு, இரண்டையும் பெருக்கி எழுதுவேன். 300ஐத் தாண்டினால் கடும் பழக்கம் என்று கணக்கு. எங்கள் பக்கம் ஒரு கட்டு பீடி 25. தினம் ஒரு கட்டு, நாற்பது வருஷம் என்றால் ஆயிரம். ஆயிரக்காரர்கள் எனக்குச் சாதாரணம். “பீடிதான, சிகரெட் இல்லையே” என்ற தெம்பு அவர்களுக்கு உண்டு. பீடியில் புகையிலைத் தூள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்த இலை காற்றை உள்ளே விடாது. இழுக்காமல் வைத்திருந்தால் அணைந்துபோகும். அணையவிடாமல் அடிக்கடி இழுக்கிறார்கள், ஆழமாகவும் இழுக்கிறார்கள். தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டை மிஞ்சும் அளவுக்கு உள்ளே போகின்றன.

கேள்விகள் முடிந்து, ஊதி முடித்து, விட்டுவிடுங்கள் என்று சொல்லும்போது வரும் ஒரு பதில் எனக்கு மனப்பாடம். “வயசு அறுவத்தெட்டு ஆச்சு. இனிமே விட்டு என்னத்த ஆவப்போவுது?” கொத்தனார் சொன்னார், தலைமையாசிரியர் சொன்னார், உப்பளத்தில் வேலை பார்த்தவர் சொன்னார். வெள்ளைக்கோட்டுப் போட்டவர்களே சிலர் என்னிடம் தணிந்த குரலில், “இந்த வயசுல அவரை ஏம்மா படுத்துறீங்க, குடிச்சிட்டுப் போகட்டும்” என்றிருக்கிறார்கள். கருணை மாதிரி தெரியும். கருவியின் பக்கத்தில் உட்கார்ந்து, அதே ஆளை வருஷா வருஷம் ஊதவைத்துப் பார்த்தவளுக்கு அப்படித் தெரியாது.

எங்கள் துறைத் தலைவர் சுவரில் ஒட்டச் சொன்ன வரைபடம் ஒன்று உண்டு. சார்லஸ் ஃபிளெட்சரும் ரிச்சர்ட் பீட்டோவும் 1977இல் வெளியிட்டது. லண்டனில் வேலை பார்த்த ஆண்களை எட்டு வருஷம் தொடர்ந்து அளந்து போட்டது. கீழே வயது, பக்கத்தில் அந்த முதல் நொடிக் காற்று. பழக்கமே இல்லாதவரின் கோடும் இறங்கத்தான் செய்கிறது. இருபத்தைந்து வயதுக்குமேல் எல்லோருக்கும் வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். புகை ஒத்துக்கொள்ளாத உடம்புள்ளவர் தொடர்ந்து குடித்தால் கோடு செங்குத்தாகச் சரிகிறது. அந்தப் படத்தின் உயிர் நடுவில் கிளம்பும் இரண்டு புள்ளிக் கோடுகளில் இருக்கிறது. ஒன்று 45 வயதில் விட்டவருடையது, மற்றது 65இல் விட்டவருடையது. விட்ட இடத்திலிருந்து இரண்டு கோடுகளும் திரும்பி, பழக்கமில்லாதவரின் சரிவுக்கே வந்துவிடுகின்றன. மேலே ஏறவில்லை. போனது போனதுதான். ஆனால் சரிகிற வேகம் மாறிவிடுகிறது.

பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வில் இந்த வேகத்துக்கு எண்ணே கிடைத்தது. 11 வருஷக் கணக்கு. விடாமல் குடித்த ஆண்களுக்கு வருஷம் 66 மில்லிலிட்டர் குறைந்தது. விட்டுவிட்டு அப்படியே இருந்தவர்களுக்கு 30. பெண்களில் 54, 22. சேர்ந்தபோது அவர்கள் 35 முதல் 60 வயதுக்காரர்கள், நோய் முற்றாதவர்கள். ஆகவே எழுபது வயதுக்காரரிடம் இந்த எண்ணை அப்படியே நீட்டமாட்டேன். ஆனாலும் கணக்குப் போட்டுக் காட்டுவேன்.

பனையேறி ஒருவர் வந்தார். எழுபத்தொன்று. உடம்பில் ஒரு பிடி கொழுப்பு கிடையாது, மார்பில் மரம் உரசிய காய்ப்பு அப்படியே இருந்தது. முதல் நொடியில் 1.1 லிட்டர். அவர் உயரத்துக்கும் வயதுக்கும் அது ஏறக்குறையப் பாதி. பீடிக் கணக்கு ஆயிரத்தைத் தாண்டியது.

“விட்டா இந்த இளைப்பு போயிருமா தாயி?”

“போகாது ஐயா. குறையும். ஆனா இதுக்குமேல வேகமா ஏறாது.”

“அப்புறம் எதுக்கு விடணும்?”

தாளில் எழுதிக் காட்டினேன். வருஷத்துக்கு 66 வீதம் போனால் ஐந்து வருஷத்தில் 1.1 லிட்டர் 0.77 ஆகும். 30 வீதம் போனால் 0.95. வித்தியாசம் 180 மில்லிலிட்டர். அவர் சிரித்தார். “ஒரு டம்ளர் காத்துக்கா இவ்வளவு பேச்சு?” ஆமாம், அந்த ஒரு டம்ளருக்குத்தான். மூன்று லிட்டர் ஊதும் இளவட்டத்துக்கு 180 போனால் தெரியவே தெரியாது. ஒரு லிட்டருக்குக் கீழே இறங்கியவருக்கு அந்த அளவில்தான் எல்லாம் இருக்கிறது. தானே கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதா, ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போவதா என்பது இருக்கிறது. வயதானவர் விட்டுப் பயனில்லை என்பவர்கள் இதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். கையிருப்பு குறைந்தவருக்குத்தான் மிச்சத்தின் மதிப்பு அதிகம்.

அவருக்குத் தடையாக இருந்தது இளைப்பும் இல்லை, ஆசையும் இல்லை. கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார். “காலைல ஒண்ணு குடிச்சாத்தான் தாயி வெளிக்கு வரும்.” இதை ஆண்கள் ஒரு பெண்ணிடம் சுலபத்தில் சொல்லமாட்டார்கள். நான் கேட்டுப் பழகிக்கொண்டேன், ஏனென்றால் எங்கள் பக்கம் பாதிப் பேர் காலைப் பீடியை விடாததற்குக் காரணமே இதுதான். இது வெறும் மனப்பிரமையும் இல்லை. நிகோடின் குடலைத் தூண்டும். நிறுத்தினால் சிலருக்கு மலச்சிக்கல் வரும். சில வாரத்தில் குடல் தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடும். அதுவரை எழுந்ததும் வெந்நீர், ராத்திரி வாழைப்பழம், கீரை, தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டு ஒரு மருந்து. புற்றுநோய்ப் படத்தைக் காட்டிப் பயமுறுத்தி ஆகாதது, இந்த வெந்நீர் விஷயத்தைப் பேசியதில் ஆனது. அவர் விட்டார். பிறகு ஒவ்வொரு வருஷமும் பனைவெல்லமோ நுங்கோ கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஊதிவிட்டுப் போனார். அளவு குறையத்தான் செய்தது, நான் தாளில் போட்ட இரண்டு கணக்கில் நல்ல கணக்கை ஒட்டியே குறைந்தது.

விட்டவர்களில் ஒரு கூட்டம் மூன்றாம் வாரம் சண்டைக்கு வரும். “குடிச்சப்ப நல்லாத்தான இருந்தேன்? நீங்க சொன்னீங்கன்னு விட்டேன், இப்ப இருமலும் சளியும் தாங்க முடியல.” பக்கத்தில் நிற்கும் சம்சாரமும், இதற்கு அவர் குடித்துக்கொண்டே இருந்திருக்கலாம் என்ற முகத்தோடு நிற்பார். திரும்பவும் பற்றவைப்பவர்களில் பலர் இந்தக் கட்டத்தில்தான் பற்றவைக்கிறார்கள். அதனால் விடச் சொல்லும் அன்றைக்கே இதைச் சொல்லிவிட வேண்டும்.

மூச்சுக்குழலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் உண்டு. காற்றில் நெற்பயிர் சாய்ந்து எழும்புவதைப்போல ஒரே திசையில் அலையடித்து, தூசியையும் சளியையும் தொண்டைக்கு மேலே ஏற்றிக்கொண்டிருப்பவை அவை. புகை இவற்றை மரத்துப்போகச் செய்கிறது, பலவற்றை அழித்தும்விடுகிறது. சளி கீழேயே தேங்கும். அதைத்தான் ‘நல்லாத்தான இருந்தேன்’ என்கிறார்கள். புகை நின்றதும் இழைகள் மறுபடி முளைத்து வேலைக்கு வருகின்றன. தேங்கியது மேலே வருகிறது. சில வாரம், சிலருக்கு ஒன்றிரண்டு மாதம். அதன்பின் இருமல் முன்பு இருந்ததைவிடக் குறைந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. சளியில் ரத்தம், மாலைக் காய்ச்சல், உடம்பு மெலிவது இருந்தால் ‘விட்டதால் வரும் இருமல்’ என்று சும்மா இருக்கக்கூடாது. சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்தே ஆக வேண்டும்.

சளிப் பரிசோதனை என்றதும் காசநோய் ஞாபகம் வந்துவிடும். எங்கள் கட்டடத்தையே பழைய ஆட்கள் டி.பி. ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். புகைக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை உலகத்துக்கு அழுத்தமாகச் சொன்னது நம் தமிழ்நாட்டுக் கணக்குதான் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. டாக்டர் வி. கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோ முதலியவர்களும், சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் விவரத்தை, உயிரோடு இருந்த 35,000 பேரின் விவரத்தோடு ஒப்பிட்டார்கள். 2003இல் லான்செட் இதழில் வந்தது. புகைப்பவர் காசநோயால் சாகும் வாய்ப்பு புகைக்காதவரைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆண்களின் காசநோய்ச் சாவில் பாதிக்குப் புகையே காரணம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் காச மாத்திரை கொடுக்கும்போதே பீடியையும் பற்றிக் கேட்பது வழக்கமானது. ஆறு மாதம் மாத்திரை விழுங்குகிற மனிதர் வேறெப்போதையும்விட அப்போது காதுகொடுத்துக் கேட்பார்.

விட்டதன் பலனை மறுநாளே காட்டுவது இன்னொரு கருவி. அதுவும் ஊதுவதுதான், ஆனால் மெதுவாக. மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு இருக்கிறது என்று சொல்லும். பத்துக்கு மேல் காட்டினால் ஆள் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். இந்த வாயு ரத்தச் சிவப்பணுவில் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிமானத்தோடு ஒட்டிக்கொள்வது. ஆனால் நிறுத்திய நாலைந்து மணி நேரத்தில் பாதியாகும், ஒரு நாளில் அநேகமாகக் காலியாகிவிடும். திங்கள் இருபத்துமூன்று காட்டியவருக்குப் புதன் மூன்று காட்டும். புற்றுநோய் வாய்ப்பு குறைய வருஷங்கள் ஆகும் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. இருபத்துமூன்று மூன்றானது உறைக்கும். அந்த எண்ணைச் சீட்டில் எழுதித் தரச்சொல்லி, வீட்டில் காட்டக் கொண்டுபோனவர்கள் உண்டு. “விட்டாச்சு மேடம்” என்று சத்தியம் செய்தவருக்கு கருவி பதினெட்டு காட்டும்போது, அவர் அதைத் தட்டிப் பார்ப்பார். “மெஷின் ரிப்பேரா?”

ஸ்பைரோமீட்டரிலும் இப்படி ஒரு வசதி பின்னாளில் வந்தது. ‘நுரையீரல் வயது’ என்று ஒரு வரி அச்சாகும். ஊதிய அளவு எந்த வயதுக்காரருக்கு இயல்போ அந்த வயது. ஐம்பத்திரண்டு வயதுக்காரருக்கு எழுபத்தெட்டு என்று வந்தால் எப்படி இருக்கும்? இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்டுஷயரில் 561 பேரிடம் இதைச் சோதித்து 2008இல் எழுதினார்கள். நுரையீரல் வயதைச் சொல்லப்பட்டவர்களில் 13.6 சதவீதமும், வெறும் அளவை மட்டும் தெரிந்துகொண்டவர்களில் 6.4 சதவீதமும் ஒரு வருஷம் கழித்துப் பழக்கத்தை விட்டிருந்தார்கள். நல்ல உத்திதான். ஆனாலும் என் அனுபவத்தில் அதைத் தனியாகச் சொல்லக்கூடாது. எங்கள் ஊர் ஆட்கள் சிலர் எழுபத்தெட்டைக் கேட்டதும், “அப்போ முடிஞ்சுபோச்சு, இருக்கிறவரை குடிப்போம்” என்று முடிவுகட்டிவிடுவார்கள். வயதைச் சொன்ன கையோடு சுவர்ப் படத்துக்கு அழைத்துப்போய், புள்ளிக் கோட்டை விரலால் தொட்டுக் காட்டுவேன். படிக்கத் தெரியாதவருக்கும் சரிவு புரியும்.

எத்தனை வயதில் விட்டால் எவ்வளவு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ரிச்சர்ட் டாலின் கணக்கு இருக்கிறது. 1951இல் பிரிட்டன் டாக்டர்களிடம் கடிதம் போட்டுத் தொடங்கி, 34,000க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை ஐம்பது வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு அது. முடிவு 2004இல் வந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷம் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவருக்கு அதில் மூன்று வருஷம் திரும்பக் கிடைத்தது. 50இல் ஆறு, 40இல் ஒன்பது, 30இல் விட்டவருக்குப் பத்தும். டாலும் ஒரு காலத்தில் புகைத்தவர்தான். தன் முதல் ஆய்வின் முடிவுகள் தெரியவந்தபோது நிறுத்திவிட்டு, 92 வயது வரை இருந்தார். அறுபதுக்கும் மேலே என்றால்? அமெரிக்கத் தரவுகளை வைத்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2024இல் போட்ட கணக்குப்படி 65இல் விட்டால் சராசரி 1.7 வருஷம், 75இல் விட்டால் 0.7 வருஷம். ஓய்வு பெற்றபின் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். எட்டு மாதம்தானா என்று உதட்டைப் பிதுக்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரல்விட்டு எண்ணிவிட்டு, “பேத்தி கல்யாணம் ஆறாம் மாசம்” என்றார்.

சராசரி என்பது எல்லோருக்கும் எட்டு மாதம் என்று பொருள்படாது. சிலருக்கு ஒன்றுமிருக்காது, சிலருக்குப் பல வருஷம் இருக்கும். ஆயுளைவிட நான் அதிகம் பேசியது வேறு. மாரடைப்பு வாய்ப்பில் புகையால் கூடிய பங்கு ஒரே வருஷத்தில் பாதியாகிறது. நுரையீரல் புற்றால் சாகும் வாய்ப்பு பத்து வருஷத்தில் தொடர்ந்து புகைப்பவரின் பாதிக்கு வருகிறது. அறுவை சிகிச்சைக்கு நாலு வாரம் முன்பு விட்டால் மயக்க மருந்துக்குப் பிறகு சளி கட்டுவது குறைகிறது, தையல் நன்றாக ஆறுகிறது. குடலிறக்கத்துக்கும் பித்தப்பைக்கும் ஆபரேஷன் எழுதி எங்களிடம் ஊத அனுப்புவார்கள். கத்தி பயத்தில் விட்டவர்களில் சிலர் அப்படியே நிலைத்துவிட்டதும் உண்டு.

“குறைச்சுட்டேன் மேடம், ஒரு கட்டு குடிச்சவன் இப்ப ரெண்டே ரெண்டு” என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த முகத்தை வாடவைக்க மனம் வராது. ஆனால் இதயம் இந்தக் கணக்கை ஒத்துக்கொள்வதில்லை. நாளைக்கு ஒரு சிகரெட் குடிப்பவருக்கே, இருபது குடிப்பவருக்குக் கூடும் இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. குறைப்பதை விடுவதற்கான படியாக வைத்துக்கொள்ளலாம், அங்கேயே உட்கார்ந்துவிடக்கூடாது.

வயதானவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். இளவயதில் விடுவதன் பலனை நான் கண்ணால் கண்டது நுரையீரலில் இல்லை, காலில். சுமை தூக்கும் முப்பத்துநாலு வயதுக்காரர், இடது கால் பெருவிரல் கறுத்துப்போய், ராத்திரி வலியில் தூங்காமல், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்திருந்தவர். பர்கர் நோய். நியூயார்க்கில் லியோ பர்கர் 1908இல் விவரித்தது. கைகால்களின் சின்ன ரத்தக்குழாய்கள் அடைபடும் நோய். புகையிலை இல்லாமல் இது வளர்வதில்லை, நம் நாட்டில் பீடி குடிக்கும் இளைஞர்களிடம் அதிகம். எத்தனை மருந்து கொடுத்தாலும் புகையிலையை அடியோடு விடுவது ஒன்றுதான் காலைக் காப்பாற்றும். நாளுக்கு ஒன்று குடித்தாலும் நோய் நடக்கும். நிகோடின் சூயிங்கம்கூட இவர்களுக்குக் கொடுப்பதில்லை. ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இருந்த இரண்டு பேரில், விட்டவர் ஒரு விரலோடு தப்பித்தார். விடாதவருக்கு முதலில் பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. அந்தச் சுமைதூக்குபவர் விட்டவர்களின் பக்கம். செருப்பு கடித்துப் புண்ணாகாமல் பார்த்துக்கொண்டு இப்போதும் மார்க்கெட்டில் இருக்கிறார், மூட்டை தூக்குவதில்லை, கணக்குப் பார்க்கிறார்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. நிகோடின் சூயிங்கத்தைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றால் வயிற்றைப் புரட்டும், விக்கல் வரும். நாலைந்து தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். வெற்றிலை போட்டுப் பழகியவர்களுக்கு இதைக் கற்றுத்தரவே வேண்டாம். பல் இல்லாதவர்களுக்கு ஒட்டும் பட்டை. புப்ரோப்பியான், வரனிக்லின் மாத்திரைகள் டாக்டர் சீட்டோடுதான். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோப்பியான் கூடாது. முதல் மூன்று நாள்தான் உச்சம்: எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுவது. இரண்டு முதல் நாலு வாரத்தில் அடங்கும். பீடியை விட்டுவிட்டுப் பையில் அடைத்த புகையிலைக்கு மாறுபவர்களிடம் மட்டும் நான் கடுமையாக இருந்தேன். நுரையீரலில் இருந்து வாய்க்கு நோயை மாற்றிக்கொள்ள இத்தனை பாடு எதற்கு?

இதையெல்லாம் சொல்லும் என்னைப் படிக்கவைத்தது பீடிதான். அம்மா சுற்றினாள். மடியில் சொளவு, வெட்டிய இலை, தூள், நூல். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி, அதில் இலை சரியில்லை என்று கழிப்பது போக மிச்சம். என் டிப்ளமா கட்டணம் அதிலிருந்து வந்தது. எங்கள் தெருவில் பீடி குடிக்கும் பெண்கள் யாரும் இல்லை, ஆனால் தூள் நெடியில் இருமாதவர்களும் இல்லை. என்னிடம் ஊத வந்தவர்களின் மனைவிகள் பலர் சுற்றுகிறவர்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள். “எல்லா ஆம்பளையும் விட்டுட்டா எங்க பொழப்புக்கு என்னக்கா செய்ய?” அவள் புருஷனுக்கு அன்றைக்கு 0.9 லிட்டர். என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. வேறு வேலை கொடுக்காமல் வெறுமனே புத்தி சொல்லிவிட்டுப் போகிறவர்களை அவள் நம்பாததில் நியாயம் இருக்கிறது. “உன் புருஷன் ஒருத்தர் விட்டா கம்பெனி மூடிராது” என்று மட்டும் சொன்னேன். சிரித்தாள்.

ஒரே முயற்சியில் விட்டவர்கள் கொஞ்சம். பெரும்பாலோர் விட்டு, விழுந்து, மறுபடி விட்டவர்கள். விழுந்தவர்கள் வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுவார்கள் என்பதால், வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வரலாம் என்று சொல்லிவைப்பேன். 1800 11 2356 என்ற இலவச எண்ணும் உண்டு, புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம். ஆனால் எங்கள் ஊர் ஆட்களுக்குப் பழகிய குரல்தான் வேண்டும்.

லாரி ஓட்டுபவர் ஒருவர், அறுபத்து மூன்று வயது, விட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு போன்.

“மேடம், கல்யாண வீட்ல ஒண்ணு பத்த வச்சுட்டேன்.”

“ஒண்ணுதான?”

“ஒண்ணுதான். ஆனா பாக்கெட்டா வாங்கிட்டேன்.”

“மிச்சம் எத்தனை இருக்கு?”

“ஒம்பது.”

“என்ன செய்யப் போறீங்க?”

“அதக் கேக்கத்தான மேடம் போன் பண்ணுதேன்.”

தண்ணீரில் முக்கிவிட்டுக் குப்பையில் போடச் சொன்னேன். காய்ந்தபடி போட்டால் விடியற்காலை நாலு மணிக்குத் தேடி எடுப்பார்கள், லாரிக்காரர்களின் நேரம் அது. போனில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு அவர் கேட்டார், “தீப்பெட்டியையும் முக்கணுமா மேடம்? சாமிக்கு வெளக்குப் பொருத்தணும்லா?”

தீப்பெட்டியை வீட்டுக்காரம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.